கணிப்பொறியும் ஆச்சியின் ஞாபகமும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீ ஏதாவது தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசணும்" என்றார். "என் வேலையைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். வேலைக்கு வெளியே நான் செய்து வருவதைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். சம்மதித்தார். ஆகவே இன்றைய தலைப்பு, குடும்ப வரலாறு. கணிப்பொறியை வைத்துக்கொண்டும், கணிப்பொறிக்கு எட்டாத பழைய வழிகளை வைத்துக்கொண்டும், நம் முன்னோர் யார் என்று எப்படித் தேடுவது என்பதுதான் விஷயம்.

உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. உங்கள் அப்பாவின் அப்பா பெயர் எல்லாருக்கும் தெரியும். அவருடைய அப்பா பெயர்? கைகள் கொஞ்சம் குறைகின்றன. சரி, அவருடைய அம்மாவின் பெயர்? ஒரு கைகூடக் காணோம். இதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம், எல்லா வீட்டிலும் இதே நிலைதான். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் நம் வீட்டில் வாழ்ந்து, உழைத்து, பிள்ளை பெற்று, செத்துப்போன பெண்களின் பெயர் அந்த வீட்டிலேயே யாருக்கும் தெரியாது.

ஆச்சிக்குத் தெரிந்தது

எங்களுக்குத் தாமிரபரணிக் கரை. நான் 2016-ல் இந்த வேலையைத் தொடங்கியபோது முதலில் உட்கார்ந்தது என் ஆச்சியின் முன்னால். கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, "தாத்தா பேரு என்ன ஆச்சி?" என்று கேட்டேன். ஆச்சி சிரித்துவிட்டு, "உன் பேருதான்" என்றாள். எனக்குத் தாத்தா பெயரை வைத்திருக்கிறார்கள். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் என்னைக் கைகாட்டிவிட்டாள். "சரி, தாத்தாவோட அப்பா பேரு?" "உங்கப்பன் பேரு." மாமனார் பெயரும் வாயில் வராது!

இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் பழக்கம். பெயரன், பெயர்த்தி என்ற சொற்களே அதிலிருந்து வந்தவை. எங்கள் வீட்டில் ஆண்களுக்கு இரண்டே பெயர்கள் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை மாறி மாறி வருகின்றன. குடும்பத்துக்கு நெருங்கிய தொடர்ச்சி இதில் கிடைக்கிறது. ஆராய்ச்சி செய்பவனுக்கோ தலைவலி. பெயர் ஒன்று, ஆள் நாலு பேர்.

ஆச்சி அன்று இன்னொரு கதை சொன்னாள். தன் மாமியார் சொல்லக் கேட்டது. "தாது வருசப் பஞ்சத்துல கரிசக்காட்டுப் பக்கமிருந்து ஒருத்தி மூணு ஆம்பளப் பிள்ளைகளோட நடந்தே வந்திருக்கா. ஒண்ணு இடுப்புல, ரெண்டு கையில. புருசன் வழியிலயே போயிட்டான். அவ பெத்த பிள்ளைக வம்சந்தாம்லே நீங்க எல்லாரும்" என்றாள்.

"அவ பேரு என்ன ஆச்சி?"

"அது யாருக்குத் தெரியும்? பஞ்சத்துல வந்தவன்னுதான் சொல்லுவாக."

அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட ஒரு வம்சம், யாருடைய காலால் நடந்து இந்த ஊருக்கு வந்ததோ, அவளுக்குப் பெயர் இல்லை. எனக்கு அது உறுத்தியது. அவள் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் என் வேலைக்கு இலக்காயிற்று.

வருஷங்களின் கணக்கு

பெரியவர்கள் தேதி சொல்ல மாட்டார்கள், நிகழ்ச்சியைச் சொல்வார்கள். "எம்டன் குண்டு போட்ட வருஷம்" என்றால் 1914 செப்டம்பர். "வால் நட்சத்திரம் தெரிந்தபோது" என்றால் பெரும்பாலும் 1910. "பர்மாவிலிருந்து நடந்து வந்தப்போ" என்றால் 1942. "தனுஷ்கோடிப் புயல்" என்றால் 1964 டிசம்பர். தாது வருஷம் என்பது 1876-77. சென்னை மாகாணத்தையே புரட்டிப்போட்ட 1876-78 பெரும் பஞ்சத்துக்கு மக்கள் வைத்த பெயர்தான் தாது வருஷப் பஞ்சம். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளை ஒரு பட்டியலாகப் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு பேட்டிக்குப் போங்கள். "உங்களுக்குக் கல்யாணம் ஆனது எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "புயலுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டால் உடனே வரும்.

நம் வருஷப் பெயர்கள் அறுபது. அறுபது முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே ஒரு பழைய நோட்டில் "மன்மத வருஷம்" என்று மட்டும் இருந்தால் அது 1895-ஆ, 1955-ஆ, 2015-ஆ என்று தெரியாது. எங்கள் வீட்டில் இந்தச் சிக்கல் உண்மையாகவே வந்தது. ஒரு ஜாதகக் குறிப்பு கிடைத்தது. பெயர் இருக்கிறது, மன்மத வருஷம், வைகாசி மாதம் என்று இருக்கிறது. அப்பாவும் மன்மத வருஷம், வைகாசி. அப்பாவின் தாத்தாவும் அதே வருஷம், அதே மாதம் என்று ஆச்சி சொல்கிறாள். இருவருக்கும் பெயர் வேறு ஒன்றே! இது யார் ஜாதகம்?

இந்த இடத்தில்தான் கணிப்பொறி கைகொடுத்தது. ஜோசியத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஜாதகக் கட்டம் என்பது ஒருவர் பிறந்த நேரத்தில் கிரகங்கள் நின்ற இடத்தின் படம். அது வானியல் குறிப்பு. சனி ஒரு சுற்று வர ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு, குரு ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டு. அறுபது ஆண்டில் சனி இரண்டு சுற்றும் குரு ஐந்து சுற்றும் முடித்து, கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள். அதனால் அவர்களை வைத்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம். எங்கள் விஷயத்தில் 1895-லும் 1955-லும் வைகாசியில் சனி துலாத்தில்தான் இருக்கிறார். ஆனால் ராகுவுக்கு ஒரு சுற்று பதினெட்டரை ஆண்டுக்குச் சற்றுக் கூடுதல். அறுபதை அதனால் வகுத்தால் மீதி வருகிறது. எனவே அறுபது ஆண்டு கழித்து ராகு இரண்டு மூன்று ராசி தள்ளிப் போயிருப்பார். கணக்குப் போட்டுப் பார்த்தால் 1895 வைகாசியில் ராகு கும்பத்தில், 1955 வைகாசியில் தனுசில். எங்கள் நோட்டில் ராகு கும்பத்தில் இருந்தார். ஆகவே அது கொள்ளுத்தாத்தாவின் ஜாதகம், 1895-ல் பிறந்தவருடையது. ஜோசியர் எழுதி வைத்ததைக் கணிப்பொறி படித்தது. தனித்தனியாக இரண்டாலும் இது முடிந்திருக்காது.

திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து நண்பர்களுக்கு இன்னொரு வசதி, கொல்லம் ஆண்டு. அது சுழலாமல் தொடர்ந்து போகிற கணக்கு. கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணியிலிருந்து மார்கழிப் பாதிவரை 824 கூட்ட வேண்டும். பழைய பாத்திரங்களிலும் பத்திரங்களிலும் இதைப் பார்க்கலாம்.

பள்ளிக்கூடச் சான்றிதழை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது ஐந்து வயது நிறைந்ததாகக் காட்ட, தலைமையாசிரியரே ஒரு பிறந்தநாள் வைத்துவிடுவார். நம் பெரியவர்களில் எத்தனை பேர் மே, ஜூன் மாதத்தில் பிறந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

கணிப்பொறி கேட்கும் கேள்விகள்

குடும்ப வரலாற்றுக்கென்று மென்பொருள்கள் பல இருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் கிராம்ப்ஸ் போன்றவை நமக்குப் போதும். எதை எடுத்தாலும் ஜெட்காம் என்ற பொது வடிவத்தில் தகவலை வெளியே எடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். 1984 முதல் இருக்கும் வடிவம் அது. ஒரு மென்பொருள் செத்துப்போனாலும் தகவல் சாகாது.

ஆனால் இவை மேல்நாட்டுக் குடும்பத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்துத்தானே இருக்கிறது. அந்தக் கட்டத்தில் நான் ஊர்ப்பெயரைப் போட்டுக்கொண்டேன். அடுத்தது, மரம் என்கிறார்கள். நம் குடும்பத்தில் மாமன் மகளைக் கட்டுகிறோம், அத்தை மகனைக் கட்டுகிறோம், அக்காள் மகளைக்கூடக் கட்டியிருக்கிறோம். பிரிந்த கிளை மறுபடி வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒரே ஆள் ஒருவனுக்குப் பெரியப்பாவாகவும் மாமாவாகவும் வருவார். இங்கே இருக்கிற கணினித் துறைத் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: இது மரம் அல்ல, வலை. படம் வரையும்போது அதே ஆளின் பெயர் இரண்டு இடத்தில் வரும். அது பிழை இல்லை, நம் வாழ்க்கையே அப்படித்தான்.

பெயர்த் தேடல் அடுத்த சங்கடம். ஆங்கிலத்தில் ஒலியை வைத்துப் பெயர் தேடும் சவுண்டெக்ஸ் முறைக்கு 1918-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அது ஆங்கில ஒலிக்குச் செய்த சட்டை. நமக்கு அளவு சேராது. நமக்கு வேண்டியது ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகவும், ர, ற இரண்டையும் ஒன்றாகவும், ந, ன, ண மூன்றையும் ஒன்றாகவும் பாவித்துத் தேடும் வழி. பத்திரம் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதற்கு ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டேன், ஐம்பது வரிகூட இருக்காது. மாணவர்கள் இதை ஒரு செயல்திட்டமாக எடுத்துச் செய்தால் பலருக்குப் பயன்படும்.

இவ்வளவு குறை சொன்னாலும், கணிப்பொறியிடம் ஒரு நல்ல குணம். அதற்கு மரியாதை தெரியாது. ஆணுக்கு ஒரு கட்டம் இருந்தால் அவன் மனைவிக்கும் ஒரு கட்டம் காட்டும். பெயர் போடாவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே கண்ணில் குத்திக்கொண்டிருக்கும்.

எங்கள் ஊரில் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போவோம். கோயில் வரி நோட்டுகள் மூன்று தலைமுறைக்கு இருக்கின்றன. பங்காளிகள் அத்தனை பேரும் தலைக்கட்டு வாரியாக அதில் இருக்கிறார்கள். அதை உள்ளே ஏற்றியதும் ஆண்கள் வரிசை மளமளவென்று வந்துவிட்டது. ஆனால் தலைக்கட்டு என்றால் ஆண்தானே? திரையைப் பார்த்தால் பாதி இடம் காலி. வரி நோட்டைப் புரட்டும்போது யாருக்கும் தெரியாத அந்த ஓட்டை, திரையில் பளிச்சென்று தெரிந்தது.

அத்தைமார்களும் அண்டாவும்

காலி இடங்களை நிரப்ப, கட்டிக்கொடுத்துப் போன பெண்களின் வீடுகளைத் தேடிப் போனேன். அவர்களைக் கண்டுபிடிக்க உதவியவை மொய் நோட்டுகள். ஒவ்வொரு கல்யாணத்திலும் எந்த ஊர், யார், எவ்வளவு என்று எழுதி வைத்திருப்பார்கள் அல்லவா? அந்த ஊர்ப்பெயர்களைக் கணிப்பொறியில் ஏற்றி வரைபடத்தில் புள்ளி வைத்தால், எந்த ஊர்களோடு நமக்குக் கொடுக்கல் வாங்கல் என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகைகளையும் கருமாதிப் பத்திரிகைகளையும் தூக்கிப் போடாதீர்கள். அவற்றில் மகள், மருமகன், பேத்தி என்று எல்லாப் பெயரும் முறையோடு அச்சாகியிருக்கும்.

அப்படிப் போன இடங்களில் வயதான அத்தைமார்களிடம் ஒவ்வொரு வீட்டிலும் மூத்த பெண் யார், அவள் பெயர் என்ன என்று கேட்டுக் கேட்டு ஏற்றினேன். ஏற்றி முடித்துப் பிறந்த வரிசைப்படி அடுக்கியபோது ஒன்று தெரிந்தது. பஞ்சத்தில் வந்தவளின் மூன்று மகன்கள் வீட்டிலும் மூத்த பெண்ணுக்கு ஒரே பெயர்! பெரியவள், நடுவுள்ளவள், சின்னவள் என்று அடைமொழி சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூவரும் வேறு வேறு ஊருக்குக் கட்டிப் போனவர்கள். ஆகவே மூன்றையும் ஒருசேரப் பார்க்க யாருக்கும் வாய்ப்பு இருந்ததில்லை.

மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படியானால்?

பெயர் கிடைத்துவிட்டது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நாம் பொறியாளர்கள். அது ஒரு அம்மனின் பெயரும்கூட. வேண்டுதலுக்காகவும் மூன்று வீட்டிலும் வைத்திருக்கலாம். ஆகவே இது ஊகம், சாட்சி வேண்டும்.

முதல் சாட்சி பரணில் இருந்தது. நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது வழக்கம். பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு பித்தளை அண்டா. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்கிப் போயிருந்தது. இருட்டறையில் வைத்து, கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, ஒவ்வொரு கோணத்திலும் ஒரு படம் எடுத்தோம். படங்களைக் கணிப்பொறியில் போட்டு வெளிச்சம், இருட்டு வேறுபாட்டைக் கூட்டினோம். புள்ளி புள்ளியாக எழுத்து எழும்பி வந்தது. அதே பெயர். பக்கத்தில் ஒரு கொல்லம் ஆண்டு, முதல் மூன்று இலக்கம் மட்டும்: 107. அதாவது 1894-க்கும் 1904-க்கும் இடையில். பேத்தி பெயராகவும் இருக்கலாமே என்று ஒரு சந்தேகம் இன்னும் பாக்கி.

இரண்டாவது சாட்சி சார்பதிவாளர் அலுவலகத்தில். 1975-க்குப் பிந்திய வில்லங்க விவரங்களை இப்போது வீட்டில் இருந்தே கணினியில் பார்க்கலாம். நமக்கு வேண்டியது அதற்கும் முக்கால் நூற்றாண்டு முந்தியது. அதற்கு நேரில்தான் போக வேண்டும். பதிவுச் சட்டம், 1908, 57-ஆம் பிரிவின்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம். முதல் அட்டவணை ஆட்களின் பெயர்வாரி, இரண்டாவது சொத்துவாரி. உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எங்களுக்கு அண்டாவில் கிடைத்த பத்தாண்டு மட்டுமே தேட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் கிடைத்தது.

1900 ஜனவரியில் பதிவான ஒரு ஒற்றிப் பத்திரம். பணம் கொடுத்து நிலத்தை ஒற்றிக்கு வாங்கியவள் ஒரு பெண். அதே பெயர். "காலஞ்சென்ற இன்னார் மனைவி" என்று இருக்கிறது. அந்த இன்னார் பெயர், என் அப்பாவின் பெயர், கொள்ளுத்தாத்தாவின் பெயர்! முன்பு இருந்த ஊர் என்று கரிசல் பக்கத்து ஊர் ஒன்றும் எழுதியிருக்கிறது. உள்ளே கொல்லம் 1075, விகாரி வருஷம், தை மாதம் என்று இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்றும் 1900 ஜனவரியில் வந்து நிற்கும்.

இதைக் கணிப்பொறியால் படிக்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய கூட்டெழுத்து, வருஷத்துக்கு ௵, மேற்படிக்கு ௸ என்று குறிகள், நிலத்தின் அளவு கோட்டை விதைப்பாட்டில். படித்துக் காட்டியவர் எண்பது வயதான ஒரு பத்திர எழுத்தர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தினசரிப் பத்திரிகை மாதிரி வாசித்தார். முடித்துவிட்டு, "தம்பி, கையில பிள்ளையோட வந்தவ, இருபத்துமூணு வருசத்துல அடுத்தவனுக்குப் பணம் கொடுக்கிற நெலமைக்கு வந்திருக்கா. லேசுப்பட்ட பொம்பள இல்ல" என்றார்.

ஊருக்குப் போய் ஆச்சியிடம் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதாம்லே எங்க அத்தை அந்தப் பேரச் சொல்லவே மாட்டாக. நாத்தனாரை 'தாயி, தாயி'ம்பாக. மாமியா வீட்டுப் பெரியவ பேரு எப்பிடி வாயில வரும்?" என்றாள். பாருங்கள், பெயர் மறந்து போனது அலட்சியத்தால் அல்ல, மரியாதையால்! மருமகள்கள் சொல்லாமல் விட்டு விட்டே பெயர் மறைந்திருக்கிறது. அதே பெயரைப் பேத்திகளுக்கு வைத்துக் காப்பாற்றியதும் அதே குடும்பம்தான்.

அந்தப் பெயரை இந்த மலரில் அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். உயிரோடு இருப்பவர்களின் பெயரை அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். அந்தப் பெயரோடு எங்கள் குடும்பத்தில் இன்றும் மூன்று பேர் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் சாஸ்தா கோயில் வரி நோட்டின் முதல் பக்கத்தில் இப்போது அது இருக்கிறது. ஆண் பெயர் மட்டுமே இருந்த நோட்டு அது.

பத்திரம் இல்லாத வீடுகள்

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நிலம் இருந்தவனுக்குப் பத்திரம் இருக்கும். நிலமே இல்லாத, கூலி வேலை செய்த, பள்ளிக்கூடத்துக்குள் விடப்படாத குடும்பங்கள் எங்கே தேடுவது? உண்மைதான். ஆவணம் என்பது சொத்து உள்ளவன் பக்கம் சாய்ந்தே இருக்கும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு வாய்மொழியே முதல் ஆவணம். ஆகவே அங்கே ஒலிப்பதிவு இன்னும் அவசரம். தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடுகளில் பல எளிய குடும்பங்கள் பெயர் பெயராக இருக்கின்றன. கடல் கடந்து போனவர்களுக்குக் கப்பல் பட்டியல்கள் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அது முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடலில் உள்ள அடையாளம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கூலியை எண்ணுவதற்காக எழுதியது, இன்று கொள்ளுப்பேரன்களுக்குக் கண்ணீரோடு படிக்கும் ஏடாகியிருக்கிறது. கங்காணி முறையில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு இந்த அளவு பட்டியல் கிடையாது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பங்களில் அந்தக் காலத்து அட்டைகள் இன்னும் பெட்டிக்குள் இருக்கும். படம் எடுத்து வையுங்கள்.

சில எச்சரிக்கைகள்

முதலாவது, பெரியவர்களிடம் பதிலை நாமே ஊட்டக்கூடாது. அலெக்ஸ் ஹேலி எழுதி 1976-ல் வெளிவந்த 'ரூட்ஸ்' உலகம் முழுவதும் பலரைத் தங்கள் வேர்களைத் தேடவைத்தது. ஆனால் அதில் ஆப்பிரிக்கக் கிராமத்தில் அவருக்குக் கிடைத்த வாய்மொழிக் கதை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று பின்னால் ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். வந்தவர் என்ன கேட்க ஆசைப்படுகிறார் என்று தெரிந்தால், அன்புள்ள மனிதர்கள் அதையே சொல்லிவிடுவார்கள். "நாம ராஜா வம்சந்தானே?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும்.

இரண்டாவது, தேடினால் நல்லது மட்டும் கிடைக்காது. இரண்டாம் தாரம், தத்து, ஊரைவிட்டு ஓடியவர், கோர்ட்டு வழக்கு எல்லாம் வரும். யாரையும் நோகடிக்கும் உரிமை நமக்கு இல்லை. மரபணுச் சோதனைக்கும் இது பொருந்தும். எச்சில் அனுப்பினால் யார் யாருக்கு உறவு என்று சொல்லிவிடும். பெயரையோ ஊரையோ சொல்லாது. அது உங்களோடு உங்கள் சொந்தக்காரர்களின் ரகசியத்தையும் சேர்த்தே திறக்கிறது. அவர்களிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

மூன்றாவது, பழைய பத்திரத்தில் பெயருக்குப் பக்கத்திலேயே ஜாதி இருக்கும். வேரைத் தேடப் போய் வேலி போட்டுக்கொண்டு வரக்கூடாது. என் தேடலில் முடிவில் கிடைத்தது ஒரு வீர பரம்பரை அல்ல. பசியில் பிள்ளைகளோடு நடந்து வந்த ஒரு விதவை. அவளுக்கு முதல் நாள் கஞ்சி ஊற்றியது யார், எந்தத் தெரு என்று எந்தப் பத்திரத்திலும் இல்லை. யாரோ ஊற்றியிருக்கிறார்கள். அதனால்தான் நான் இங்கே நிற்கிறேன்.

நான்காவது, சேர்த்ததைக் காப்பாற்றுங்கள். பனையோலை பல நூறு ஆண்டு தாங்கியிருக்கிறது. நாம் முதலாண்டில் ஆய்வகத்தில் பயன்படுத்திய வட்டுகளை இன்று எந்த இயந்திரத்தில் போட்டுப் படிப்பது? பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்து வைத்தவை கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. ஆகவே ஒருங்குறியில் அடியுங்கள். மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். இன்னொன்று காகிதத்தில் அச்சடித்து, கோயில் வரி நோட்டோடு சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் யார் சொன்னது, எந்த நாள், எந்த ஆவணம் என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

தம்பி, தங்கைகளே! உங்களிடம் கைபேசி இருக்கிறது, எங்களுக்குக் கிடைக்காத கருவிகள் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் நாளை வாங்கிக்கொள்ளலாம். ஆச்சியின் ஞாபகத்தை மட்டும் நாளை வாங்க முடியாது. பதிவேடு நூறு ஆண்டு காத்திருக்கும். மனிதர் காத்திருக்க மாட்டார். அதனால் வரிசை இதுதான்: முதலில் மனிதர்கள், பிறகு பரண், பிறகு பதிவேடு, கடைசியில் கணிப்பொறி. இந்தத் தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஆண்களின் பெயரைக் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். "அவரோட அம்மா பேரு என்ன?" என்று ஒவ்வொரு படியிலும் கேளுங்கள். அடுத்த சந்திப்பில் நான் இதே கேள்வியைக் கேட்கும்போது இந்த அரங்கில் நாலு கையாவது உயர வேண்டும் என்பது என் ஆசை.